விடுபட்ட கடைசி வரி

1

இது என் தங்கை சொன்ன கதை. கேட்டபோது எனக்கு வந்த வெட்கத்தில் பாதியை மறைத்துத்தான் எழுதுகிறேன். அவள் ஒரு பதிப்பகத்தில் கணினியில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை ஓயாத ஒரு மாலையில், கனத்த இதயத்தோடு அவள்..."

(வேண்டாம். நான் பேசப்போகும் பழைய சிறுகதைத் தொகுப்பை எழுதியவர் இதைப் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பார். அவர் கதைகளில் ஒருவருக்கும் இதயம் கனத்ததில்லை. தண்ணீர் குடிப்பார்கள், சட்டையை மாட்டுவார்கள். நமக்குத்தான் தொண்டை அடைக்கும்.)

2

தங்கை வடிவமைத்தது அந்தத் தொகுப்பின் மறுபதிப்பை. அதில் ஒரு கதை: வேலை பறிபோனவன் வீடு திரும்புகிறான். மனைவி ஒன்றும் கேட்பதில்லை. ஈரக் குடையை வாங்கி, விரித்துக் காயவைக்கிறாள். அப்புறம் கடைசி வரி: குழந்தை வந்து அவன் மடியில் உட்கார்ந்தது.

இந்த ஒற்றை வரி மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. பிறகு சரிசெய்யலாம் என்று தங்கை அதைத் திரையில் பக்கத்துக்கு வெளியே தள்ளிவைத்தாள். சுத்தமாக மறந்துபோனாள். புத்தகம் வந்துவிட்டது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது போகட்டும், "குடையோடு நிறுத்திய கை அல்லவா கை!" என்று ஒரு மேதாவி மதிப்புரையே எழுதினான். (நான்தான்.)

3

அடுத்த அச்சுக்குப் போகும் முன் எழுத்தாளரின் மகள் பதிப்பகத்துக்கு வந்தார். அப்பா போய்ப் பல காலம்; இவருக்கே தலை நரைத்துவிட்டது. முதலாளி வாயெல்லாம் பல்லாக மதிப்புரையை நீட்டினார். தங்கை எழுந்து, தன் தவறைச் சொல்லிவிட்டாள். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்கண்ணா அழுதேன்? வேலை போயிடுமோன்னு பயம், அவ்வளவுதான்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மகள் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"கவனிச்சேம்மா. புத்தகம் வந்த அன்னைக்கே கவனிச்சேன்."

"மன்னிச்சுக்குங்கம்மா. இந்தத் தடவை சேர்த்துடறேன்."

"இரு. அந்த வரி வேணுமா வேணாமான்னு அப்பா ரொம்ப நாள் தவிச்சாராம். அம்மா சொல்லித்தான் சேர்த்துவெச்சார். இப்பப் படிச்சா, இல்லாமதான் கதை நல்லா இருக்கு."

"அப்ப இப்படியே விட்டுடவாம்மா?"

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் எழுதினதுல நான் வர்ற இடம் அது ஒண்ணுதான்மா. நீயே சொல்லு."

4

தங்கை சொன்ன பதில் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். கதை எப்படி நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் ஆகாது.

அவர் இன்னும் நாற்காலியில் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.