பூமாலையின் நாற்காலி

எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில், திண்டிவனத்துப் பயிற்சி இல்லத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். என் மகள் பூமாலையும் உறுப்பினர். இருபத்திரண்டு வயது, மனவளர்ச்சி குன்றியவள், பேச்சு வராது. பெயருக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல்.

முதல் கூட்டம். மின்விசிறி சுற்றச் சுற்ற, செயலாளர் கிருஷ்ணசாமி வாசித்தது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. சாலையைப் பார்த்த முன்னறையில் நடக்கும் பாய் பின்னும் வகுப்பைப் பின்கட்டு அறைக்கு மாற்றப் போகிறார்களாம். அதற்குச் சன்னலே கிடையாது.

"ரோட்டுல போறவங்க வேடிக்கை பாக்காம இருப்பாங்க" என்றார். "யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதா?"

பூமாலை எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெல்ல வெளியே போனாள். வழக்கம்போல் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடி, அவளை இழுத்துவர ஓடினேன்.

வேப்பமரத்தடியில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலையில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. விழுப்புரம் போகும் பேருந்து ஒன்று கானலில் மிதந்து போயிற்று. சன்னலோரக் குழந்தை கையசைத்தது, இவளும் அசைத்தாள். எதற்கு ஓடி வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

உள்ளே போய் என் நாற்காலியைத் தூக்கி வந்தேன். பின்னாலேயே பாய் பின்னும் கண்ணையன் வந்தான், அவன் அப்பா வந்தார், ஒவ்வொருவராக எல்லோரும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள்.

செயலாளர் வாசற்படியில் வந்து நின்றார். "என்னாம்மா இது, உம்பொண்ணு மீட்டிங்கயே கலைச்சிட்டாளே?"

"கலைக்கலைங்க சார். மீட்டிங் இங்க நடந்துக்கினு இருக்குது. உங்க நாற்காலி ஒண்ணுதான் உள்ள இருக்குது, எடுத்துக்கினு வாங்க."