முழங்கால் என்று சொன்ன வலி

வெங்கடசுப்ரமணியனுக்கு வலி எடுத்த இடம் ஒன்று, அவன் வாய்விட்டுச் சொன்ன இடம் வேறு. பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் மூலம்.

பவானிப்பூரில் குடியிருந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் ஒரு கால்பந்து கோஷ்டி வைத்திருந்தார்கள். பகலெல்லாம் கப்பல் கம்பெனியிலும் பாங்கியிலும் முதுகு வளைய எழுதிவிட்டு, சாயங்காலம் மைதானத்துக்கு ஓடி, வேஷ்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலால் பந்தை உதைப்பார்கள். கல்கத்தாவே கால்பந்துப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. நம்மவர்கள் மட்டும் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்களா? கோஷ்டியில் இடது ஓரம் வெங்கிட்டுவுடையது. வெங்கடசுப்ரமணியன் என்று முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து கைமாறிவிடும் என்பதால் எல்லோருக்கும் அவன் வெங்கிட்டு.

அந்த இடத்தின் மேல் அவனுக்கு இருந்த பிரியம் ஆபீஸ் நாற்காலியின் மேல் கிடையாது. காரணம் சந்தானம். வெங்கிட்டு இருந்த வீட்டிலேயே மாடி அறையில் குடியிருந்த சந்தானத்துக்கும் இடது கால்தான் வாகு. வெங்கிட்டு எப்போது விழுவான் என்று அவன் காத்திருந்தான். அப்படிச் சொல்வது கொஞ்சம் அநியாயம். அவன் காத்திருந்தான், அவ்வளவுதான். ஆனால் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அவனை வெளியே அனுப்ப முடியாது என்பது வெங்கிட்டுவுக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை கார்டன் ரீச் கப்பல்துறைக்காரர்களோடு ஆட்டம். இதுவரை அவர்களை ஜெயித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில், மழை ஈரப் புல்லில், எட்டாத பந்துக்கு வெங்கிட்டு இடது காலை நீட்டினான். கால் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போயிற்று. உடம்பு இன்னொரு பக்கம் நின்றது. தொடையின் உள்பக்கம், இடுப்போடு சேருகிற மூலையில், ஏதோ கிழிந்த மாதிரி சுரீரென்றது. ஓடி வந்தவர்களெல்லாம் சுற்றி நின்றுகொண்டு எங்கே, எங்கே என்று கேட்டார்கள்.

எங்கே என்று சொல்வது? கௌரவமான குடும்பத்துப் பிள்ளை, நாலு பேர் நடுவில், அந்த இடத்தைத் தொட்டா காட்ட முடியும்? கை தானாக இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

"முழங்கால்" என்றான்.

பவானிப்பூர் முழுக்க அந்த முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட்டது. கீழ்வீட்டு நாகலக்ஷ்மி மாமி சுக்கும் கடுகும் அரைத்துப் பற்றுப் போட்டாள். பக்கத்து வீட்டு வங்காளி நிபாரண் தாதா ஹோமியோபதிப் பெட்டியோடு வந்தார். அந்தத் தெருவில் அடுப்பில்லாத வீடு இருந்தாலும் இருக்கும், ஹோமியோபதிப் பெட்டி இல்லாத வீடு கிடையாது. "இடது முழங்காலா, வலது முழங்காலா? கனவில் தண்ணீர் வருகிறதா?" என்று நீளமாக விசாரித்துவிட்டு நாக்கில் சர்க்கரை உருண்டை போட்டார். மறுநாள் காலையில் கடுகு தன் வேலையைக் காட்டி, ஒரு பாவமும் அறியாத முழங்கால் கொப்புளித்துக் கிடந்தது. இப்போது அங்கேயும் வலித்தது.

வியாழக்கிழமை கோஷ்டியின் காப்டன் பட்டாபிராமன் பரிசோதிக்க வந்தார். அலிப்பூர் கோர்ட்டில் ரிகார்டு கீப்பர். நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் இன்னும் நடு மைதானத்தை விடாதவர். முன்கோபி. முழங்காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். வெங்கிட்டு தொடைகளை ஒட்ட வைத்துக்கொண்டு, ஜாக்கிரதையாக உட்கார்ந்து எழுந்தான். முழங்கால் மகா யோக்கியமாக நடந்துகொண்டது.

"ஒண்ணுமில்லடா. தோல்தான் உரிஞ்சிருக்கு. சனிக்கிழமை நீ ஆடறே."

சந்தானம் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போனான். வெங்கிட்டுவுக்கு உள்ளூர சந்தோஷம் பொங்கியது. அது அடங்குவதற்குள் பயம் வந்தது. ஆடுவது நிச்சயமாகிவிட்டது, ஆட முடியுமா என்பதுதான் தெரியவில்லை. பஞ்சகச்சம் கட்டக் காலை அகட்டினாலே கண்ணில் பூச்சி பறந்தது. டிராமில் ஏறும்போது இடது காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்தான்.

வீட்டில் இதையெல்லாம் ஒருத்தி பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவன் மனைவி ராஜலக்ஷ்மி அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசாமல் இருக்கும்போதுதான் அவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அவன் இலை முன்னால் சப்பணம் போட்டு உட்கார முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டான். ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்ததில் புரை ஏறி இருமினான். இருமும்போது கை சட்டென்று எங்கேயோ போய் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"ஏன்னா, முழங்கால்ல வலின்னா இருமறச்சே கை ஏன் அங்க போறது?"

"எங்க?"

"எங்கேன்னு நான் சொல்லட்டுமா?"

அவன் குனிந்து ரசத்தைப் பார்த்தான். பிறகு, தொடையின் உள்பக்கம் நீலம் பாரித்திருப்பதை மெதுவாகச் சொன்னான். நாளைக்கு ஆட்டம் முடிந்ததும் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். ராஜலக்ஷ்மி அடுப்பை அணைத்தாள். நிபாரண் தாதாவின் மனைவியிடம் குழந்தையை விட்டுவிட்டு, ஒரு குதிரை வண்டியைக் கூப்பிட்டாள்.

டாக்டர் ஹரிநாத் ஸேன் அவனைப் படுக்க வைத்து, எங்கே வலி என்று வங்காளியில் கேட்டார். அறையில் கம்பவுண்டர் இருந்தார், இன்னும் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். வெங்கிட்டுவின் கை, பழக்கதோஷம், முழங்காலை நோக்கிக் கிளம்பிற்று.

"ஓர் ஹாண்ட்டு பாலோ, டாக்தர்பாபு. குச்கிதே பேதா" என்றாள் ராஜலக்ஷ்மி, கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்கிற குரலில். முழங்கால் நன்றாக இருக்கிறது, வலி தொடை இடுக்கில் என்று அர்த்தம். தமிழில் அந்த வார்த்தையை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. தமிழில் சொன்னால் மாமனார் மாமியார், அத்தை, சித்தப்பா எல்லோரும் காதில் விழுந்தது போல எழுந்து நிற்பார்கள். வங்காளியில் அது வெறும் உடம்பின் ஒரு மூலை. பக்கத்து வீட்டுப் பௌதியிடம், அதாவது நிபாரண் தாதாவின் மனைவியிடம், கற்றுக்கொண்ட பாஷைக்கு வெட்கம் கற்றுத் தரப்படவில்லை.

டாக்டர் தன் முஷ்டியை அவனுடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்து, "அழுத்து" என்றார். அழுத்தினான். உயிர் போயிற்று. இடுப்பெலும்பைத் தட்டிப் பார்த்தார். காலைத் திருப்பிப் பார்த்தார். எலும்பு பிசகவில்லை. தொடையைச் சேர்த்து இழுக்கிற தசை, எலும்போடு ஒட்டுகிற இடத்தில் பாதி கிழிந்திருக்கிறது என்றார். கடுகும் சுக்கும் வேண்டாம், ஈரத் துணி போதும். இடுப்பையும் தொடையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டு. வலி அடங்கியபின் நடை. அப்புறம் தலையணையை நடுவில் வைத்து அழுத்திப் பழக வேண்டும். ஓட்டமெல்லாம் துர்கா பூஜைக்கு அப்புறம்.

"நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம்" என்றான் வெங்கிட்டு.

"ஆடு. மிச்சப் பாதியும் வந்துவிடும்" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் கட்டோடு பட்டாபிராமன் வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் சந்தானத்தின் முகம்தான் கண்ணில் நின்றது. எரிந்தது. வயிற்றெரிச்சல் என்பது வெறும் பேச்சில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

பட்டாபிராமன் குதித்தார். "நேத்திக்கு நல்லாயிருந்த காலுக்கு இன்னிக்கு என்ன கேடு வந்துது?"

"முழங்கால் இல்லண்ணா. தொடை இடுக்கு. வெக்கப்பட்டுண்டு பொய் சொல்லிட்டேன். சந்தானத்தை எறக்கிடுங்கோ."

பட்டாபிராமன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காரும்போது மெதுவாக, ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் உட்கார்ந்தார். இவர் என்றைக்குமே அப்படித்தான் உட்காருகிறார் என்பது அப்போதுதான் வெங்கிட்டுவுக்கு உறைத்தது.

"இருமினா இழுக்கறதா?"

"இழுக்கறது."

"படுத்துண்டு புரண்டா?"

"பிராணன் போறது."

"எனக்குப் போன வருஷத்துலேந்து" என்றார் பட்டாபிராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு. "எல்லார்கிட்டயும் வாயுப் பிடிப்புன்னு சொல்லிண்டிருக்கேன். டாக்டர்கிட்ட எப்படிடா சொன்னே?"

"நான் சொல்லல. அவதான் சொன்னா. பெங்காலில."

பட்டாபிராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்காத்து ஜகதாம்பாளுக்குப் பெங்காலி வராது. ராஜலக்ஷ்மியை எனக்காகவும் ஒரு நடை வந்து சொல்லச் சொல்றியா?"

அதனால்தான் சனிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில், ஈரமண்ணில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, இடுப்பில் கட்டோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சந்தானம் நன்றாக ஓடினான். ஆனால் கார்டன் ரீச் தடுப்பாட்டக்காரன் ஒவ்வொரு தடவையும் பந்தை அவனிடமிருந்து பறித்துவிட்டான். வெங்கிட்டுவுக்கு அதைப் பார்க்க இனிப்பாக இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தத் தடுப்பாட்டக்காரனிடம் ஒரு அசட்டுத்தனம் இருந்தது. எதிரில் வருகிறவன் தோளை அசைத்தாலே அவன் பாய்ந்துவிடுவான். பாய்ந்தபின் திரும்பத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவன் வெங்கிட்டு. எவனிடமும் சொன்னதில்லை. ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. சந்தானம் மறுபடியும் பந்தோடு வந்தான். வெங்கிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். அப்புறம் தாங்க முடியவில்லை.

"சந்தானம், தோளை மட்டும் ஆட்டு. அவன் பாயட்டும், நீ நில்லு."

சந்தானம் தோளை ஆட்டினான். அந்த ஆசாமி பாய்ந்தான். சந்தானம் நின்று, நிதானமாக அவனைத் தாண்டி, பந்தை உள்ளே போட்டான்.

மைதானத்தில் இருந்த தமிழர்கள் எல்லோரும் எம்பிக் குதித்தார்கள். குடைகள் பறந்தன. சந்தானத்தைத் தோளில் தூக்கினார்கள். உட்கார்ந்தபடி இருந்தவர்கள் இரண்டே பேர்.

"உன் எடம் போச்சுடா" என்றார் பட்டாபிராமன்.

"போச்சுண்ணா" என்றான் வெங்கிட்டு. கண் நிறைந்துவிட்டது. "உங்களுதும்."

பட்டாபிராமன் முதலில் சிரித்தார். வெங்கிட்டுவுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தால் அங்கே இழுக்கும், இழுத்தது. பவானிப்பூர் பூராவும் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் வலித்த இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.