வறண்ட ஆற்றின் வளைவு

நகுலேஸ்வரன் எதனையும் கோடு கீறியே விளங்கிக்கொள்பவர். கடைக்கு வழி கேட்டாலும், சட்டைப்பையிலுள்ள சிவப்புப் பேனையை எடுத்துக் கைதுடைக்கும் தாளொன்றில் தெருக்களை வரைந்த பின்னரே வாய் திறப்பார். வார நாள்களில் மொன்றியல் துறைமுகத்தை அடுத்த களஞ்சியமொன்றிலிருந்து பாரவண்டிகளை வழியனுப்புவது அவருடைய வேலை. சனிக்கிழமைப் பிற்பகல்களிலோ அவர் போர் ஆய்வாளர். வில்லரேயிலுள்ள நண்பர் ஆனந்தராசாவின் வீட்டு நிலவறையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, உலகில் எங்கு சண்டை நடந்தாலும் அதனை விவாதித்துப் பதிவுசெய்வர். மாலையில் ஆனந்தராசா அதனை யூடியூப்பில் ஏற்றுவார். அவர் கீறும் வரைபடங்களைப் பார்த்து, பாரிசிலும் இலண்டனிலுமுள்ள தமிழர்கள் "நகுலேஸ் அண்ணையின்ரை மெப் எண்டால் மெப்தான்" என்று எழுதுவர். அவ்வரிகளை அவர் ஒன்றுக்கு இரண்டு முறை வாசிப்பதுண்டு.

அந்தச் சனிக்கிழமை எடுத்துக்கொண்ட பொருள் பலுச்சிஸ்தான். கிளர்ச்சியை அடக்கப் பாகிஸ்தான் இராணுவம் கையாளும் வழிகள் பலிக்குமா என்பதே கேள்வி.

"வன்னியிலை ஆமி எங்களுக்குச் செய்ததைத்தான் அவங்களும் செய்வாங்கள், அண்ணை," என்று ஆனந்தராசா தொடங்கினார். "சுத்தி வளை, றோட்டை மூடு, இன்ரநெற்றை வெட்டு, சனத்தைக் கிளப்பு. அலுவல் முடிஞ்சுது."

"நீர் எல்லா இடத்தையும் வன்னியெண்டு நினைக்கிறீர். எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஆமி. அங்கை மலையும் பாலைவனமும் ரெண்டு நாட்டு எல்லையும். ஆர் சுத்தி வளைக்கிறது? பெடியள் வந்து ஒரு பட்டினத்தைப் பிடிச்சிட்டு, பொழுதுபட முன்னம் விட்டிட்டுப் போவாங்கள். அந்தக் கோவத்திலை ஆமி அண்ணனுக்குப் பதிலாத் தம்பியைத் தூக்கும். பேந்து அவன்ரை மச்சானும் மலைக்குப் போவான். என்ன முடிஞ்சுது?"

"மலைக்குப் போனவன் என்னத்தைத் தின்னுறது, கல்லையோ? சாப்பாடு போற வழியை மூடினால் தானா இறங்குவான். மறுமொழி இல்லையெண்டால் சொல்லுங்கோ, நான் தேத்தண்ணி வைக்கிறன்."

கமராவுக்கு முன்னால் வந்த அந்த ஏளனம் நகுலேஸ்வரனைத் தைத்தது. அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். மேசைமீது விரித்திருந்த செய்மதிப் படத்தில் ஒரு மலைக் கிராமத்தைப் பேர்சொல்லிச் சுட்டி, சோதனைச்சாவடி ஒன்றுக்கு வட்டமிட்டார். பின்னர், பேரீச்சந்தோப்பின் பின்புறமாக வளைந்து செல்லும் வறண்ட ஆற்றுப்படுகையின்மேல் கோடிழுத்தார்.

"மூடுறதெண்டால் முதல் வழி தெரியோணும். தோப்புக்குப் பின்னாலை போற இது மெப்பிலை றோட்டில்லை, ஆறு. ஆனால் சாவடியைச் சுத்தி நடந்து பெரிய றோட்டிலை ஏறலாம். இப்பிடி ஒவ்வொரு ஊருக்கும் ஒண்டு இருக்கும். எத்தினையை மூடுவாங்கள்?"

ஆனந்தராசா கைதட்டினார். "சரி அண்ணை, நான் தோத்துப்போனன்!"

அந்த வழியை நகுலேஸ்வரன் எந்த நூலிலும் படித்தவரல்லர். களஞ்சியத்தில் அவருடன் வேலை செய்யும் ஹம்மல் என்ற பலுச்சி இளைஞன், மதிய உணவுவேளையொன்றில் தன் தொலைபேசியில் ஊரைக் காட்டி, அந்த வளைவையும் காட்டியிருந்தான். அவனுடைய மூத்த சகோதரனை இராணுவம் கொண்டுசென்றுவிட்டது. அடுத்தது ஊரிலிருக்கும் இளைய சகோதரன் என்ற அச்சத்தில், அந்த இளையவனும் தாயும் ஆற்றுவழியாக வெளியேறி நகரத்துக்குச் செல்ல இருந்தார்கள். சென்ற கிழமையே சென்றிருப்பார்கள் என்று நகுலேஸ்வரன் எண்ணியிருந்தார்.

பார்க் எக்ஸ்ரென்சனிலுள்ள வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே ஹம்மல் அழைத்தான். தமிழர்களிடம் கேட்டுப் பழகிய ஒரேயொரு சொல்லால், "அண்ணை" என்றான். மிகுதியை ஆங்கிலத்தில் சொன்னான். தாய்க்குக் காய்ச்சலாம். அதனால் அவர்கள் இன்னும் புறப்படவில்லை. பக்கத்து ஊருக்குள் இராணுவம் வந்துவிட்டதாம். நாளை எப்படியும் ஆற்றுவழியாக நடக்கப்போகிறார்களாம். அவர்களுக்காக உங்களுடைய கோயிலிலும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டு வைத்தான்.

நகுலேஸ்வரன் உடனே ஆனந்தராசாவை அழைத்தார்; மணியடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தார், எடுக்கவில்லை. யூடியூப்பைத் திறந்து பார்த்தார். புதிய பதிவு எதுவும் வரவில்லை. மூடினார், மறுபடி திறந்தார். மனைவி சிவநேசம் தேநீரைக் கொணர்ந்து வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்து நின்றார். அப்போது ஆனந்தராசா திருப்பி அழைத்தார்.

"வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு நிண்டனான், அண்ணை. என்ன அவசரம்? வீடியோ ஏறிக்கொண்டிருக்கு, அரைவாசிக்கு மேலை போயிட்டுது."

"நிப்பாட்டும்! அந்த ஆத்து வழியாலைதான் ஹம்மலின்ரை தாயும் தம்பியும் நாளைக்கு வெளிக்கிடுதுகள்."

மறுமுனையில் நிலவறைப் படிகளில் இறங்கி ஓடும் ஓசை கேட்டது. பின்னர் ஆனந்தராசா தாழ்ந்த குரலில் சொன்னார்: "நிப்பாட்டிட்டன். ஆனால் அண்ணை, பாகிஸ்தான் ஆமி தமிழ் படிச்சுக்கொண்டோ இருக்கு?"

"படத்துக்கு ஏன் தமிழ்?"

"அப்ப மெப்பை மட்டும் மறைப்பம். கதை கிடக்கட்டும்."

"ஊர்ப்பேரும் சொன்னனான், தோப்பும் சொன்னனான்."

"அதையும் வெட்டினால் நீங்கள் மறுமொழியில்லாமல் முழிச்சுக்கொண்டு இருக்கிற மாதிரியெல்லோ வரும். நான் வெண்டிடுவன். அதோடை, அவங்கடை ஆமிக்கு அந்த ஆறு தெரியாதெண்டு நினைக்கிறியளோ?"

தெரிந்திருக்கலாம். அந்த எண்ணம் நகுலேஸ்வரனுக்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது. தெரிந்ததைத்தானே சொன்னோம், வெட்டவேண்டியதை வெட்டி எஞ்சியதை விட்டால் என்ன? அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து மனைவியைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார் சிவநேசம். "வன்னியிலை நாங்கள் பங்கருக்குள்ளை கிடந்து ரேடியோ கேட்டனாங்கள். வெளிநாட்டிலையிருந்து உங்களை மாதிரி ஒருத்தர் ஆய்வு சொன்னார். எங்கடை பெடியள் ஆமியை உள்ளுக்கு வரவிட்டு அடிக்கப்போகினமாம். நல்ல வடிவாக் கதைச்சார். அம்மா அதைக் கேட்டுப்போட்டு, அப்ப இன்னும் கொஞ்சநாள் நிண்டு பாப்பம் எண்டா."

அந்தப் பதுங்குகுழியிலிருந்து சிவநேசம் தனியே வெளியே வந்தவர் என்பதை நகுலேஸ்வரன் திருமணத்துக்கு முன்னரே அறிவார். ரேடியோவைப் பற்றி மட்டும் அவர் இன்றுவரை சொன்னதில்லை. சனிக்கிழமைதோறும் கணவரின் குளிர்ச்சட்டையை எடுத்துக்கொடுத்து அனுப்பியவரும் அவரே.

தேநீர் ஆறியிருந்தது. யன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டார் வாகனத்தின்மேலிருந்த பனியை வழித்துக்கொண்டிருந்தனர். பலுச்சிஸ்தானில் இப்போது பொழுது விடியப்போகும் நேரம். அவர்கள் எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்குவார்கள் என்று ஹம்மல் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"ஹலோ, அண்ணை! நிக்கிறியளோ?"

"நிக்கிறன். முழுக்க அழிச்சுவிடும், ஆனந்தன். உம்மடை கம்பியூட்டரிலை இருக்கிறதையும்தான். நான் லைனிலையே நிக்கிறன்."

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. "மேசையிலை கிடந்த மெப்பையும் கிழிச்சுப்போட்டன். இனி ஆக்களுக்கு என்ன சொல்லுறது?"

"இந்தக் கிழமை நிகழ்ச்சி இல்லையெண்டு போடும்."

"தோத்துப்போய் ஓடிட்டாரெண்டு எழுதப்போறாங்கள், அண்ணை."

"எழுதட்டும்," என்றார் நகுலேஸ்வரன். "நான் இனி மெப் கீறமாட்டன்."