விழாத சுற்று

நிலாவைச் சுற்றிவந்த அந்தச் சின்ன விண்கலத்தில் எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதன் பாதையைக் கணிக்கும் பெண்ணுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நிலா பார்க்கத்தான் சாது. அதன் தரைக்கடியில் அங்கங்கே கனத்த பாறைத் திரள்கள் புதைந்து கிடக்கின்றன. மேலே போகிற கலத்தை அவை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுக்கும். நாளடைவில் வட்டப் பாதை நசுங்கி, ஒரு முனை தரையில் மோதிவிடும். அதனால்தான் அடிக்கடி இன்ஜினை முடுக்கிப் பாதையைத் தூக்கிவிடுவார்கள். இனி ஒரே ஒரு தடவை தூக்கலாம். அதற்கப்புறம் கதை முடிந்தது.

அவள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். பாதையை வட்டமாக்க வேண்டாம். சற்று நீள்வட்டமாகவே விட்டு, அதன் தாழ்ந்த முனையைத் தென்துருவத்துக்கு மேல் நிறுத்தினால் போதும். பாறைகளின் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கலம் தாழும், நிமிரும், ஆனால் விழாது. வருஷக்கணக்கில் ஓடும்.

திட்டத் தலைவி அவளுடைய சொந்த அண்ணி. ஆபீசில் "மேடம்", வீட்டில் "அண்ணி". வாய் தவறி மாற்றிக் கூப்பிட்டு இரண்டு இடத்திலும் கேலிக்கு ஆளாகியிருக்கிறாள். சொந்தக்காரிக்குச் சலுகை என்ற பேச்சு வரக்கூடாதென்று அண்ணி மற்றவர்களைவிட இவளைத்தான் அதிகம் குடைவாள். இந்தத் தடவையும் குடைந்தாள். இன்னொரு குழுவிடம் கொடுத்து, அவர்கள் கணக்கும் ஒத்துப்போன பிறகுதான் சம்மதித்தாள்.

கலம் நிலாவின் மறுபக்கத்தில் இருந்தபோது இன்ஜின் முடுங்கி அதைப் புதிய பாதைக்குத் திருப்பியது. கலம் இந்தப் பக்கம் வந்து சிக்னல் தந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரங்களில் தாழ்ந்த முனை இறங்கிக்கொண்டே போனது. கொஞ்சம் இறங்கும் என்று அவளே சொல்லியிருந்தாள்தான். ஆனாலும் திரையில் உயரத்தைக் காட்டும் கோடு சரியச் சரிய, கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். பாதையைத் திருப்பியது போக இன்னும் துளி எரிபொருள் மிச்சமிருக்கிறது, இப்போதே தூக்கிவிடலாம், அப்புறம் கையைப் பிசைந்து பிரயோஜனமில்லை என்றார் இன்ஜின் பிரிவுக்காரர்.

அண்ணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தூக்கணுமா, வேண்டாமா? நீ சொல்றதைச் செய்யறேன்."

"தூக்கினா அந்த முனை தென்துருவத்தைவிட்டு நகர ஆரம்பிச்சிடும், மேடம். அப்புறம் நிச்சயமா விழும்."

"பயமா இருக்கா?"

"இருக்கு, அண்ணி. ஆனா கணக்கு மாறலை."

அண்ணி வெளியே போய், இன்ஜினை யாரும் தொடக்கூடாது, விழுந்தால் பொறுப்பு தன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

கோடு இன்னும் கொஞ்சம் சரிந்தது. பிறகு சில நாள் அசையாமல் படுத்துக்கிடந்தது. ஒரு காலை அவள் காப்பியோடு வந்து உட்கார்ந்தபோது, உயரம் முந்தின நாளைவிட ஒரு துளி கூடியிருந்தது. நம்பாமல் அளவுகளை மறுபடி வாங்கிப் பார்த்தாள். அடுத்த நாளும் கூடியது. இன்ஜின் பிரிவுக்காரர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தன் வாயைத் தைத்துவிடச் சொல்லிச் சிரித்தார்.

கலம் போய்விடும் என்று வேறு வேலைக்கு மாற்றிவிட்ட ஆராய்ச்சியாளர்களை அண்ணி ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்தாள். தென்துருவத்துப் பள்ளங்களைக் கலத்திலிருந்த கேமரா அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. எதை முதலில் படமெடுப்பது என்று அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது.