பன்னிரண்டு கடை தூரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தப்பாகக் கார் நிறுத்தியதில் பிறந்த கதை இது. மலேசியாவில், குளுவாங் டவுனில் சுற்றிச் சுற்றியும் இடம் கிடைக்கவில்லை. வரிசையாக நின்ற கார்களை அடைத்துக்கொண்டு என் காரைப் போட்டேன். கண்ணாடியில் கைப்பேசி எண்ணை எழுதி வைத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது வாய் வைப்பதற்குள் அழைப்பு.

"உங்க காரா? என் வீட்டுக்காரரு அதச் சுத்திப் போயி விழுந்துட்டாரு. சாப்பிட்டது போதும், வாங்க!"

தையல்கடை யோகேஸ்வரி அப்படித்தான் எனக்கு அறிமுகமானார். (இதை வேறொருவர் காராக மாற்றி மூன்று முறை எழுதிப் பார்த்தேன். வெட்கம் போகவில்லை.)

2

தொடங்கிக் கைவிட்ட வரிகள்:

காலை இளவெயிலில் குளுவாங் நகரம் சோம்பல் முறித்து— (சே, பள்ளிக்கூடக் கட்டுரை.)

யோகேஸ்வரி ஒரு போராளி— (அவரிடமே காட்டினேன். "போராளியா? எனக்கு முட்டி வலிங்க" என்றார்.)

விஷயம் சின்னது. கணவர் காளிதாஸுக்குப் போன வருடம் பக்கவாதம். நடந்தால்தான் காலுக்குத் தெம்பு திரும்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடை வரிசையின் இந்தக் கோடியில் இறங்கி, பன்னிரண்டாவதாக இருக்கும் கோப்பிக்கடைக்குத் தனியாக நடந்துபோய் ஒரு கோப்பி குடிக்க வேண்டும். மனிதருக்கு ஆசை அவ்வளவுதான். அஞ்சடி* முழுக்க வெங்காய மூட்டையும் வாளியும். சாலையில் இறங்கினால் என்னைப் போன்றவர்களின் கார். விழுந்த பிறகு அவர் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

* அஞ்சடி: கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை. அகலம் ஐந்தடி, நடக்கக் கிடைப்பது ஓரடி.

3

யோகேஸ்வரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு கடை கடையாக ஏறினார். அஞ்சடியில் நாற்பது அங்குலம் விட வேண்டும். கடைக்காரர்கள் தங்கள் கார்களைக் கோயில் திடலில் போட்டு, வருகிறவர்களுக்கு இடம் விட வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலை கார்கள் போயிருந்தன. கார் நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி!

"என்ன சுகு இது?"

"இடத்த யாராச்சும் எடுத்துட்டா என்னக்கா பண்றது?" என்றார் மளிகைக்கடை சுகுமாறன்.

"எடுக்கத்தான்லா காலி பண்ணோம்!"

"அலமாக்!" என்று சுகுமாறன் தலையில் கைவைத்தார். நாற்காலிகள் உள்ளே போயின. (அவற்றைக் கதைக்குள் போட்டது நான்தான். கதை ரொம்ப ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.)

4

ஞாயிற்றுக்கிழமை காளிதாஸ் தடியோடு வந்தார். ஒன்று, இரண்டு என்று பத்துக் கடை தாண்டியாயிற்று. முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. பதினொன்றாவது கடையில் நின்றார். குறுக்கே யோகேஸ்வரியின் தையல் இயந்திரம்.

பதினெட்டு வருடமாக அவர் வெளிச்சத்துக்காக அதை அஞ்சடியில் போட்டுத் தைக்கிறார். ஊர்க் கடையெல்லாம் அளந்தவர் தன் கடையை அளக்கவில்லை.

"வழி விடும்மா" என்றார் காளிதாஸ்.

சுகுமாறன் சிரித்த சிரிப்பு ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். யோகேஸ்வரிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"உள்ள ஒரே இருட்டுங்க. ஊசியில நூல்கூடக் கோக்க முடியாது. இன்னைக்கு மட்டும் சுத்திப் போயிருங்களேன்."

காளிதாஸ் சாலையைப் பார்த்தார்.

"பயமாருக்கு யோகேஸ்."

5

முடிவு அ: இந்த இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு. (நாளைக்கே வெங்காய மூட்டைகள் வெளியே வந்து விலக்குக் கேட்கும்.)

முடிவு ஆ: இயந்திரம் உள்ளே போகிறது, எல்லாரும் கைதட்ட— (தட்டுகிறவர்களுக்கு என்ன? இருட்டில் தைக்கப்போவது அவர்.)

நான் மூன்றாவதை யோசிப்பதற்குள் யோகேஸ்வரி எழுந்துவிட்டார். அரைகுறையாகத் தைத்த ரவிக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் ஒரு முனையைப் பிடித்தார். இரும்புக் கால். ஒருத்தரால் அசையாது.

"யாராச்சும் பிடிங்களேன்."

காளிதாஸின் ஒரு கையில் தடி. இன்னொரு கை இன்னும் எழவில்லை. சுகுமாறன் வியாபாரம் பார்க்கப் போய்விட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் புத்தகத்தைக் கீழே வையுங்கள். மறுமுனையைப் பிடியுங்கள்.