இந்த இடம்தான் என்றது பலகை

வியாழக்கிழமை காலை, கடை திறக்கும் நேரத்தில், நகராட்சி மண்டபத்தின் வெண்கலப் பலகை சலூன் சுவரில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பொருந்தியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம். ஆணி இல்லை, திருகு இல்லை. ஷட்டரைத் தூக்கிய சலூன்காரி அதைப் பார்த்தாள். அது இடித்துக் கோணலாகிப்போன காலண்டரை நேராக்கினாள். பிறகுதான் வாசித்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த தலைவர் தம் வரலாற்றுச் சிறப்புமிக்க உரையை முதன்முதலாக நிகழ்த்திய இடம் இது என்று பொறித்திருந்தது. மாடியறையில் படுத்திருந்த அப்பாவுக்குக் கேட்காதபடி ஷட்டரை மெல்லப் பாதிக்கு இறக்கினாள்.

அந்த உரை ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் அது பாடம். அதன் புகழே அதிலிருந்த மூன்று மௌனங்கள்தான். தலைவர் வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நிறுத்துவார், மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். அது துக்கம் என்று ஒரு பேராசிரியர் புத்தகம் எழுதினார். இல்லை, ராஜதந்திரம் என்று இன்னொருவர் அதைவிடத் தடியாக எழுதினார். சலூன்காரியின் அப்பா மட்டும் அது சவரம் என்றார்.

மண்டபத்துக்குப் போகும் வழியில் தலைவர் இந்தக் கடையில் ஏறி உட்கார்ந்தாராம். முகமெல்லாம் நுரையோடு உரையை முழுக்கச் சொல்லிப் பார்த்தாராம். கத்தி தொண்டைக்கு வரும்போதெல்லாம் அப்பா அதட்ட, அவர் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டாராம். பழகிய வாய் மண்டபத்திலும் அங்கங்கேயே நின்றதாம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று தொடங்கி, ஆகாசம் என்பதே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. மகள் ஆகாசத்தின் பெண்ணாகவே வளர்ந்து, கத்தி பிடிக்கக் கற்று, கடைக்குப் பொறுப்பேற்றாள். ஒரு நாள் புதிதாக வந்த ஒருவரிடம் அப்பா, "ஒரு அதட்டு போட்டேன் பாருங்க, உடனே அவரு..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். "போதும்ப்பா. இனிமே என் கடையில இந்தக் கதை வேண்டாம்" என்றாள். அப்பா அந்த இடத்திலேயே நிறுத்தினார். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அதற்குப் பிறகு சாப்பாடு, மாத்திரை, மழை ஆகியவை பற்றி மட்டுமே பேசினார்.

நகராட்சி ஆட்கள் பலகையை எடுத்துப்போய் மண்டபத்தில் மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை அது சலூனில் இருந்தது. சிமெண்டு வைத்துப் பூசினார்கள். சனிக்கிழமை சிமெண்டுத் துண்டுகளோடு வந்திருந்தது. ஊர் தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. காலையில் சவரம் செய்துகொண்டவர்கள் மாலையில் மறுபடி வந்தார்கள். மீசை முளைக்காதவர்களும் வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை உரைக்குப் பொன்விழா. தலைவரின் நாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சனி மாலை நகராட்சி சேர்மன் வியர்த்து வழியக் கடைக்குள் நுழைந்தார்.

"உங்க அப்பா புளுகுக்கு நீ போர்டு மாட்டுறியாம்மா?"

"சீப்பைக் குனிஞ்சு எடுத்தாலே எனக்கு இடுப்பு பிடிச்சுக்குது சார். நான் இதைத் தூக்கிட்டு வந்தேனா?"

நாளை பலகை இங்கே இருந்தால் திருட்டுக் கேஸ், கடைக்கு சீல் என்று சொல்லிவிட்டுப் போனார். பலகையை மறுபடி மண்டபத்துக்குத் தூக்கிப்போகச் செய்து, மறுநாள் கடைக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிளைப் போட்டார்.

ஞாயிறு காலை தெருவெங்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். விடியும் முன்பே வந்துவிட்ட கான்ஸ்டபிள், சும்மா இருப்பதற்குச் சவரமாவது செய்துகொள்ளலாம் என்று நாற்காலியில் சாய்ந்தார். அவள் நுரை பூசி முடித்தபோது ஒலிப்பதிவில் தலைவரின் பழைய குரல் தெருவில் எழுந்தது. அவள் கையில் இருந்தது அப்பாவின் வரிசை. வலது கன்னம், இடது கன்னம், தொண்டை. கத்தி தொண்டைக்கு இறங்கியது. குரல் நின்றது. கத்தியை எடுத்தாள். குரல் தொடர்ந்தது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள். தாடை முடித்து மறுபடி தொண்டைக்குப் போனாள். பாதிச் சொல்லில் தெரு முழுக்க அமைதியாயிற்று. மூன்றாவது முறை கத்தி கீழே போகும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரல் நின்றது. 

கண்ணை மூடியபடியே கான்ஸ்டபிள், "அக்கா, கை நடுங்குது. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றார்.

வெளியே ஒரே கூச்சல். பட்டப்பகலில், மார்பு உயரத்தில், பலகை கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தது. குரல் பேசும்போதெல்லாம் நகர்ந்து, மூன்று மௌனத்திலும் நின்று, மண்டபத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தது. சேர்மன் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். ஒரு கால் செருப்பு எங்கோ போயிருந்தது. விருந்தினர்கள் இது விழாவின் பகுதி என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். காய்கறிக்காரி கூடையை இழுத்து வழிவிட்டாள். பலகை கடைக்குள் நுழைந்து, காலண்டரை இடிக்காமல், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போய்ப் பொருந்தியது. காலியாக இருந்த நாற்காலியில் சேர்மன் இறக்கிவிடப்பட்டார். மூச்சு வாங்கினார். பலகையைப் பார்த்தார். நகராட்சி ஆட்கள் அதற்குப் பிறகு பலகையைத் தொடவில்லை. மண்டபத்துச் சுவரில் இருந்த ஓட்டைகளை மறுநாளே பூசிவிட்டார்கள். கடையின் சொத்துவரியில் பலகைக்கும் சேர்த்து ஒரு சிறு தொகை ஏறியது. ஆனால் அன்று, அந்த நாற்காலியிலேயே, சேர்மன் தாடையைத் தடவிக்கொண்டு, தனக்கும் ஒரு சவரம் செய்துவிடச் சொன்னார்.

அவள் அவரைக் காக்கவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அப்பா ஜன்னலருகே நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கையைப் பிடித்து இறக்கி வந்தாள். கான்ஸ்டபிள் எழுந்து இடம் கொடுத்தார். பலகைக்கு நேரே அப்பாவை உட்கார வைத்து, துண்டு போர்த்தி, நுரை பூசினாள். வலது கன்னம், இடது கன்னம். கத்தி தொண்டைக்கு வந்ததும் எடுத்து மடக்கி வைத்தாள். கடை நிறைந்து, வாசல் நிறைந்து, ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"விட்ட எடத்துலேருந்து சொல்லுங்கப்பா. ஒரு அதட்டு போட்டீங்க. உடனே அவரு?"