பப்பாளிக் குழாயில் ஏறிய பிக்கப்

கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சன்னாசியைச் சயாம் ரயிலில் ஏற்றாமல் வைத்திருந்தது ஒரு பிக்கப்தான். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் காரை எடுத்து, முதுகை அறுத்து, பலகை அடித்து அவனே செய்த வண்டி. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வந்து அங்கே சாப்பாடு எப்படி என்று சொன்னதில்லை. வண்டி ஓடும்வரை சன்னாசி டிரைவர். நின்றால் அவனும் ஒரு கூலி.

அந்த வண்டியின் மேல்தான் மொரிதா ஆபீசரின் கண் விழுந்தது. ஜப்பான்காரர்களில் அப்படி ஓர் உயரத்தை யாரும் பார்த்ததில்லை. வாசல் நிலையில் தலை இடித்து இடித்து அவருக்குக் கோபம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது என்று தோட்டத்தில் பேச்சு. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நல்லசாமிக்கு ஜப்பான் மொழி கேட்டால் கொஞ்சம் புரியும். ஆபீசர் உறுமியதை அவர்தான் சன்னாசிக்குச் சொன்னார்.

"கோலா கிளாவாங் போற மலைப்பாதை இருக்குல்ல, புக்கிட் தங்கா? அங்க வளைவுல வண்டி மூச்சு வாங்கி நிக்குறப்பதான் ஜப்பான்காரனை எதிர்க்குற காட்டுக்காரனுங்க சுடுறானுங்க. ஏரோப்ளேன் என்ஜினுக்குக் காத்தை அழுத்தி ஊட்டுவாங்களாம். இதுக்கும் ஊட்டச் சொல்றாரு. அடிவாரத்து மைல்கல்லுலேர்ந்து உச்சிக் காவல் கொட்டாய் வரைக்கும் வண்டி நிக்கவே கூடாது. நின்னா…"

"சியாம்," என்று ஆபீசரே முடித்தார்.

"ஐயா, காத்து ரெண்டு பங்கு போனா எண்ணெயும் ரெண்டு பங்கு போவணும். இல்லன்னா என்ஜினு வறண்டு, சூடேறி வெடிச்சிடும். அதோட, உள்ள அழுத்துற காத்து எண்ணெயையே திருப்பித் தள்ளும். அதை மீறி எண்ணெய் எறங்கணும். இதை அவருகிட்ட சொல்லுங்க."

நல்லசாமி ஆபீசரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னாங்கய்யா சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன். அவ்வளவுதான் எனக்குப் பேசத் தெரியும்லா."

சன்னாசி கொல்லுப்பட்டறையில் நெருப்பு ஊதும் காற்றுச் சக்கரத்தைக் கழற்றி வந்து என்ஜினோடு வார் போட்டுப் பூட்டினான். எண்ணெய் பீச்சும் துளையை ஊசியால் பெரிதாக்கினான். பெரிய குழாய்க்குத்தான் வழியில்லை. செம்பையெல்லாம் ஜப்பான்காரர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே தோட்டத்துக்காரன் எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ரப்பர் ஷீட்டைச் சுருட்டி ஒட்டிக் குழாயாக்கினான். அந்தத் தோட்டத்தில் கூரை ஓட்டைக்கும் ரப்பர், சட்டி ஓட்டைக்கும் ரப்பர். கூலிகளை மேய்க்கும் மண்டோர் வீரமுத்துவின் பொய்ப்பல்லே ரப்பர்தான். அவர் மென்றால் சோறு துள்ளித் துள்ளித்தான் உள்ளே போகும்.

பெட்ரோல் கிடைக்காத காலம். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைக் காய்ச்சி வடித்த ரப்பர் எண்ணெயில்தான் வண்டி ஓடியது. ரப்பரிலிருந்து பிறந்த எண்ணெய் ரப்பரையே ஊற வைக்கும் என்பது சன்னாசிக்குத் தோன்றவில்லை. பெற்ற தாயைத் தின்னும் பிள்ளை உண்டா என்று இருந்துவிட்டான்.

தோட்டத்து மண் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி பறந்தது. அன்று அது போன வேகத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சேவல் ஒன்று சிறகெல்லாம் உதிர்ந்து, மறுநாள் கூவ வெட்கப்பட்டது.

மலைக்குப் புறப்படும் காலையில், பாரம் ஏற்ற அரிசி மூட்டை இல்லாததால் பால்வெட்டும் ஆள்களையே ஏற்றினார்கள். ஆபீசரும் நல்லசாமியும் கூடவே ஏறிக்கொண்டார்கள். சன்னாசியின் மனைவி பஞ்சாலை தானாகவே ஏறி நின்றாள்.

"நீ எதுக்குடி வர்ற?"

"உன்னை ரயிலேத்துறதுன்னா எனக்கா சொல்லி அனுப்புவானுங்க? வண்டிய எடு."

சிரம்பான் தாண்டி, மைல்கல்லுக்குச் சற்று முன்னால் சிறு ஏற்றம் வந்தது. என்ஜின் டக்கு டக்கென்று இடித்தது. புகைக்குழாயில் வேட்டுச் சத்தம் கேட்டு எல்லாரும் குனிந்தார்கள். வண்டி நின்றது. சன்னாசி மூடியைத் திறந்தான். ரப்பர்க் குழாய் அட்டைபோல ஊதிக் கிடந்தது. உள்ளே ஊசி நுழைய இடமில்லை.

ஆபீசர் மைல்கல்லைக் காட்டினார். "அதுக்கு அப்புறம்தான் கணக்காம்," என்றார் நல்லசாமி. "சீக்கிரம் எதையாவது பண்ணுடா, அந்த ஆளு கத்தியத் தடவுறாரு!"

சாலையோரத்தில் ஒரு பப்பாளி மரம் நின்றது. பஞ்சாலை இறங்கி ஓடி, இலைக்காம்புகளை ஒடித்து வந்து நீட்டினாள். நல்ல உள்துளை. ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகிச் சேலைக் கிழிசலால் கட்டினார்கள். வண்டியிலிருந்த எண்ணெய் டின்னின் அடியில் துளையிட்டு ஒரு முனையைச் சொருகி, மறுமுனையை என்ஜினில் பூட்டினான் சன்னாசி. சுற்றிலும் கசிந்தது.

"சோப்பு இருந்தா அடைச்சிடலாம்."

சோப்பு கண்ணில் படாத காலம் அது. எல்லாரும் மெல்ல நல்லசாமியைப் பார்த்தார்கள். அவர் மேல் மட்டும் மணம் வீசுவது தோட்டமே அறிந்த விஷயம். அவர் அழாத குறையாக மடியை அவிழ்த்தார்.

பஞ்சாலை டிரைவர் இருக்கையின் கூரைமேல் ஏறி டின்னைத் தூக்கிப் பிடித்தாள். என்ஜின் சீறியது. மைல்கல் பின்னால் போனது.

முதல் வளைவு. இரண்டாம் வளைவு. காட்டில் சிள்வண்டுச் சத்தம் சட்டென்று அடங்கியது. மரங்களுக்கு நடுவே யாரோ இருக்கிறார்கள். பின்னால் இருந்தவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து டின்னுக்குள் குமிழி கொப்பளித்தது. காற்று எண்ணெயைத் திருப்பித் தள்ளுகிறது. என்ஜின் இருமியது.

"ஒசரமா தூக்கு புள்ள!" என்று கத்தினான் சன்னாசி.

"தூக்கிட்டுதான்யா நிக்கிறேன்! நான் இவ்ளோதான் வளந்தேன்!"

வண்டி தவழ்ந்தது. பாதத்தின் கீழ் வேகம் கரைவது சன்னாசிக்குத் தெரிந்தது. தன் பெயரை ஸ்டேஷனில் கூப்பிடும் குரல்கூடக் காதில் விழுந்தது.

திடீரென்று கூரை அதிர்ந்தது. ஆபீசர் பாய்ந்து ஏறி, பஞ்சாலை கையிலிருந்த டின்னைப் பிடுங்கித் தலைக்குமேல் முழு நீளத்துக்கும் தூக்கி நின்றார். கீழே நின்றவர்கள் அவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து எண்ணெய் குடுகுடுவென்று இறங்கியது. பிக்கப் துள்ளியது. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மேகம் ஒன்று டின்னில் இடித்து, ஆபீசரின் தொப்பி மட்டும் நனைந்தது.

உச்சியில் காவல் கொட்டாய் தெரிந்தது. காவலாளி என்ன கண்டான்? வண்டி நிறையத் தமிழர்கள். கூரைமேல் இரண்டு கையையும் தூக்கிய ஜப்பான் ஆபீசர். தங்கள் ஆளைப் பிடித்து வருகிறார்கள் என்று எண்ணித் துப்பாக்கியை நேராகச் சன்னாசியின் நெற்றிக்குக் குறிவைத்தான்.

நிறுத்தினால் சயாம். நிறுத்தாவிட்டால் குண்டு. ஆபீசர் கையை இறக்கினாலும் வண்டி நின்றுவிடும். சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

"பாக்கேரோ!" என்று மேலிருந்து இடி இறங்கியது. அப்புறம் அதையே காவலாளியின் பாட்டன் வரைக்கும் விரித்தார் ஆபீசர். சரணடைந்தவன் அப்படித் திட்டமாட்டான். துப்பாக்கி தாழ்ந்தது. பிக்கப் கொட்டாயைத் தாண்டிப் போய் நின்றது.

ஆபீசர் இறங்கினார். முகம் சிவந்திருந்தது. கூலிக்காரர்கள் முன்னால் டின் தூக்கியாகிவிட்டது, காவலாளியும் பார்த்துவிட்டான். அவர் கண் கத்திக்குப் போனது. கை போகவில்லை. இரண்டு கையும் மேலேயே இறுகி நின்றுவிட்டன. காவலாளி அந்தக் கைகளைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

பஞ்சாலை அருகில் வந்தாள். "உசர வெட்டு மரத்துல பால் வெட்டுறவங்களுக்கு இப்படித்தான் புடிச்சிக்கும். எங்களுக்கு எறக்கத் தெரியும். கிராணி ஐயா, எம்புருசன் சயாமுக்குப் போவமாட்டான்னு அவரு வாயால சொல்லச் சொல்லுங்க."

"நான் எப்படிம்மா சொல்வேன்? தலை போயிடும்!"

"கைதான் மேல இருக்கே, எதால வெட்டுவாரு?"

நல்லசாமி சன்னாசியைக் காட்டி, "சியாம்" என்று சொல்லி, இல்லை என்று கையை ஆட்டினார். ஆபீசர் இடுப்புக் கத்தியைப் பார்த்தார், மேலே நின்ற கைகளைப் பார்த்தார். பிறகு, "சியாம் தீடா," என்றார். சயாம் இல்லை.

பஞ்சாலை தோள்மூட்டில் கட்டைவிரலை அழுத்தி ஒரு சுண்டு சுண்டினாள். வலது கை தொப்பென்று இறங்கியது. அவள் கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு?" என்றார் நல்லசாமி.

"அது தோட்டத்துக்குப் போயி. எல்லாரு முன்னாடியும் இன்னொரு தடவ சொல்லட்டும்."

திரும்பும் இறக்கத்தில் எண்ணெய் தேவைப்படவில்லை. ஜப்பான் ஆபீசரைக் கண்டால் குனிய வேண்டும் என்பது சட்டம். வழியெல்லாம் சனங்கள் குனிந்தார்கள். ஆபீசர் இடது கையைத் தூக்கி எல்லாரையும் ஆசீர்வதித்துக்கொண்டே கோலா சாவா வந்து சேர்ந்தார்.